பில்லிங் மென்பொருளுக்கும் இது தேவை

அண்ணாச்சி, "உரையாடல் பெட்டியை (திரையில் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பெட்டி) கணக்குப் போடும் நிரலிலிருந்து பிரித்து எழுதுவது இப்போது வந்த மோகம், பூக்கடை பில்லிங்குக்கு எதற்கு?" என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. திரையையும் தரவையும் பிரிக்கும் எம்விசி (மாடல்-வியூ-கன்ட்ரோலர்) முறையை நார்வே கணினி அறிஞர் டிரிக்வே ரீன்ஸ்காக் 1979-லேயே வகுத்துவிட்டார்.

தோவாளைச் சந்தையில் ஒரு கமிஷன் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கை முடிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) "பழைய பதிவை அழிக்கவா?" என்ற பெட்டி திறக்கிறது. அதே ஃபங்ஷனை நள்ளிரவில் கணினி தானாக இயக்கினால், 'சரி' பொத்தானை அழுத்த யார் இருக்கிறார்கள்? பெட்டி காத்துக் கிடக்கும். விடியுமுன் பிச்சியும் மல்லிகையும் வந்து இறங்கும்போது முந்தைய நாள் கணக்கு முடிந்திருக்காது. தானியங்கிச் சோதனையும் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வியைத் திரைப் பகுதி கேட்கட்டும். பதில் மட்டும் ஃபங்ஷனுக்குள் போகட்டும். இடையில் சிக்கல் வந்தால் ஃபங்ஷன் பிழையைத் திருப்பி அனுப்பினால் போதும், அதை எப்படிக் காட்டுவது என்பது திரையின் பொறுப்பு.