கடினம் கூடினால் கியரின் ஆயுளும் கூடுமா? உண்மை விளக்கம்

"ஈஎன் 24 ஸ்டீலை (ஒரு வகைக் கலப்பு எஃகு) முழுக்க 55 ராக்வெல் சி (கடினத்தை அளக்கும் அளவுகோல்) வரை கடினமாக்கிவிட்டால் கியர் தேயவே தேயாது, கேஸ் ஹார்டனிங் (மேலடுக்கை மட்டும் கடினமாக்குவது) வீண் செலவு" என்று ஒரு செய்தி பட்டறைக் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. நம்பிச் செய்தால் பல் முறியும்.

கியர் பல்லுக்கு இரண்டு வேலை. மேற்பரப்பு உராய்வையும் அழுத்தத்தையும் தாங்க வேண்டும். அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து மீள வேண்டும். முறிந்த பல்லைக் கையில் எடுத்துப் பாருங்கள்: விரிசல் பெரும்பாலும் அடி வளைவில் தொடங்கி, கடற்கரை அலைத்தடம் போன்ற வரிகளோடு உள்ளே போயிருக்கும். முழுக்க 55 வரை ஏற்றிய ஈஎன் 24 அதிர்ச்சிச் சுமையில் முறியும் ஆபத்து அதிகம். வழக்கமாக அதை 28–32 ராக்வெல் சி அளவில் வைத்துப் பல் வெட்டுவதற்குக் காரணம் உண்டு.

கனமான சுமைக்கு ஈஎன் 353, 20எம்என்சிஆர்5 போன்ற, கார்பன் சுமார் 0.2% உள்ள ஸ்டீல்தான் சரி. ஏறத்தாழ 920 டிகிரி செல்சியஸில் கார்பன் ஏற்றிக் குவென்ச் செய்து (சட்டென்று குளிர்வித்து), 150–200 டிகிரியில் டெம்பர் செய்தால் (மீண்டும் மிதமாகச் சூடாக்கினால்), மேற்பரப்பு 58–62 வரும். உள்பகுதி 30–40 அளவில் தாங்குதிறனோடு இருக்கும். இதுதான் கேஸ் ஹார்டனிங். அதைவிட முக்கியம், கார்பன் ஏறிய மேலடுக்கு குளிரும்போது கடைசியாக உருமாறி விரிவதால் அதில் அமுக்கத் தகைவு (பொருளை நெருக்கிப் பிடிக்கும் உள் அழுத்தம்) தங்குகிறது. விரிசல் திறப்பதைத் தடுப்பது அதுதான். முழுக்கக் கடினமாக்கிய பல்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

மாடுல் (பல்லின் அளவைக் குறிக்கும் எண்) 5 உள்ள கியருக்குக் கடின அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் போதும். ஆர்டர் கொடுக்கும்போது கடினத்தோடு அடுக்கின் ஆழத்தையும் வரைபடத்தில் எழுதிக் கேளுங்கள்.