செட்டிநாட்டில் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களே, நெடுஞ்சாலையை விட்டு இறங்குங்கள்

மார்கழி பிறந்தால் வெளியூர் சைக்கிள் குழுக்கள் காரைக்குடிப் பக்கம் வரத் தொடங்கிவிடுகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பலரும் போடுகிற பாதை திருமயம் – காரைக்குடி – தேவகோட்டை தேசிய நெடுஞ்சாலை. லாரிக்குப் பக்கத்தில் 100 கி.மீ. ஓட்ட செட்டிநாடு வர வேண்டியதில்லை, அது எல்லா ஊரிலும் கிடைக்கும். இங்கே மட்டும் கிடைப்பது ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்மாய்க் கரையையும் பொட்டலையும் ஒட்டிப் போகிற ஒற்றைத் தார்ச்சாலை.

நகரத்தார் ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள், இன்று எழுபத்துச் சொச்சம். எல்லாம் நெருக்கமாக அமைந்தவை. நான்கைந்து கி.மீ. போனால் ஏதாவது ஓர் ஊரோ பட்டியோ வந்துவிடும். சைக்கிள் நின்றுபோனாலும் தள்ளிக்கொண்டே அடுத்த ஊர் சேர்ந்துவிடலாம். தரையும் மட்டமானது. ஏற்றம் என்று சொன்னால் ரயில்வே மேம்பாலம்தான். கியரைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஒற்றைக் கியர் சைக்கிளே போதும். கவலைப்பட வேண்டியது டயர், நேரம், சாலை விளிம்பு இந்த மூன்றைப் பற்றித்தான்.

முதலில் பாதை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரு வட்டம்: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி, குன்றக்குடி, திரும்ப காரைக்குடி. எந்த இணைப்புச் சாலையைப் பிடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து 45 முதல் 50 கி.மீ. வரும். நெடுஞ்சாலையைக் கானாடுகாத்தான் பக்கம் குறுக்கே கடந்தால் போதும், அதன்மீது ஓட்ட வேண்டியதில்லை.

இந்த வட்டத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்பதைப் பருவம்தான் முடிவு செய்யும். மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து லேசாக வரும், அப்போது கோட்டையூர் வழியாகத் தொடங்குங்கள். ஆனி, ஆடி, ஆவணியில் மேல்காற்று. விடியலில் அடங்கிக் கிடக்கும், ஒன்பது மணிக்கு மேல் மிதிக்க விடாது. அந்த மாதங்களில் குன்றக்குடிப் பக்கம் முதலில் போய்விட்டால் காற்று கிளம்பும் நேரத்தில் நீங்கள் ஆத்தங்குடியிலிருந்து கிழக்கே திரும்பியிருப்பீர்கள், காற்று முதுகில் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: விடியலில் மேற்கே போகும்போது எதிரே வருகிற வண்டிக்காரர் கண்ணில் சூரியன் அடிக்கும். நீங்கள் அவருக்குத் தெரியமாட்டீர்கள். விடிந்த பிறகும் முன்விளக்கை அணைக்காதீர்கள்.

இன்னும் ஓட்ட வேண்டும் என்கிறவர்களுக்கு மேற்குப் பாதை. குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, திருப்பத்தூர், அங்கிருந்து கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கண்மாயில் தண்ணீர் நிற்கும் கார்த்திகை முதல் மாசி வரை போனால் பறவை இருக்கும். பறவை கலையும் என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது. ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பையில் வைத்துவிடுங்கள். தெற்கே அரியக்குடி, தேவகோட்டை, கண்டதேவி பக்கம் நிழல் குறைவு, வெட்டவெளி. தை, மாசி தவிர மற்ற மாதங்களில் அந்தப் பக்கம் சொல்லமாட்டேன்.

இப்போது டயர். 23 மி.மீ. அகல டயரில் 110 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்துக்கொண்டு வருவது இந்தச் சாலைகளுக்குச் சுத்தமாகப் பொருந்தாது. கிராமச் சாலையில் மேல்தார் தேய்ந்து ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும். டயர் கல்லாக இருந்தால் ஒவ்வொரு ஜல்லியும் சைக்கிளைத் தூக்கிப்போடும், வேகமும் போகும், கையும் மரத்துப்போகும். ஃபிரேமில் இடம் இருந்தால் 32 போடுங்கள், இல்லையென்றால் 28. எழுபது கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டியூப் டயரில் பின்னால் 70 – 75, முன்னால் 65 போதும். 32 என்றால் பின்னால் 55 – 60, முன்னால் 50 – 55. காற்றை விடியலில் குளிர்ந்த டயரில் அளந்து அடியுங்கள். வெயிலில் நிறுத்தி வைத்தால் தானாகவே ஐந்து பி.எஸ்.ஐ. வரை ஏறிவிடும்.

அடுத்து முள். சீமைக்கருவேல முள் குத்தினால் பெரும்பாலும் உடனே காற்று இறங்காது, ஒரு கி.மீ. போன பிறகுதான் பின்சக்கரம் நெளியும். டியூபை மாற்றிவிட்டு அப்படியே கிளம்புகிறவர்கள் அடுத்த பத்து நிமிடத்தில் இரண்டாவது டியூபையும் இழக்கிறார்கள். காரணம், முள் வெளியே முறிந்து, நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரின் உள்பக்கம் ஒரு பருத்தித் துணியை மெதுவாகச் சுற்றித் தேயுங்கள், நூல் மாட்டுகிற இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும். நுனியைப் பிடித்து இழுக்க ஒரு சின்ன டுவீசர் கட்டாயம் வேண்டும்.

ட்யூப்லெஸ் போட்டவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றுகிற சீலண்ட் திரவம் நம் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். டயருக்கு 30 முதல் 45 மி.லி. ஊற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்புங்கள். பசை தடவாமல் ஒட்டுகிற ஸ்டிக்கர் பேட்ச் சூட்டில் விளிம்பு கழன்றுவிடும். சொல்யூஷன் தடவி மூன்று நான்கு நிமிடம் காயவிட்டு ஒட்டுகிற பழைய முறைதான் தாங்கும்.

ஊர்ப் பஞ்சர் கடையில் எல்லாம் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். 700 அளவு டியூப் அங்கே இருக்காது. காற்றடிக்கும் குழாய் மோட்டார் சைக்கிள் வால்வுக்கானது. உங்கள் சைக்கிளில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு என்றால் அதன்மேல் திருகுகிற பித்தளை அடாப்டர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். இரண்டு டியூப், கைப்பம்பு, ஒரு செயின் இணைப்பு, உங்கள் ஃபிரேமுக்கு உரிய டிரெய்லியர் ஹேங்கர் (பின் கியர் மாற்றியான டிரெய்லியரை ஃபிரேமில் மாட்டுகிற சின்னத் துண்டு) ஒன்று. இந்தக் கடைசிச் சாமானை ஏன் சொல்கிறேன் என்றால், அறுவடைக் காலம்.

தை, மாசியில் நெல்லைச் சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். உளுந்துச் செடி, கொள்ளுச் செடியை வண்டி ஏறி மிதிக்கட்டும் என்று தார் மேல் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டாதீர்கள். கொடி பின்சக்கரப் பற்களில் சுற்றி, டிரெய்லியரைச் சக்கரக் கம்பிகளுக்குள் இழுத்துவிடும். ஹேங்கர் முறிந்தால் அன்றைய ஓட்டம் முடிந்தது. இறங்கித் தள்ளிப் போங்கள். அது அவர்களின் ஒரு வருட உழைப்பு, நெல்லின்மேல் டயர் ஏற்றுவது மரியாதையும் இல்லை.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது சாலை விளிம்பைப் பார்த்துத்தான். ஒற்றைச் சாலையின் அகலம் அதிகம் போனால் 3.75 மீட்டர். டவுன் பஸ் வந்தால் நீங்கள் மண்ணில் இறங்கியாக வேண்டும். மழை அரித்து, தாரின் விளிம்பு மண்ணைவிட ஐந்து பத்து செ.மீ. உயர்ந்து நிற்கும். இறங்குவதில் ஆபத்து குறைவு. பஸ் போனதும் அவசரமாக விளிம்புக்கு இணையாகவே மேலே ஏறப் பார்க்கும்போதுதான் முன்சக்கரம் விளிம்பை உரசி, ஆளைச் சாலை நடுவே சாய்த்துவிடும். பஸ் தூரத்தில் வரும்போதே வேகத்தைக் குறைத்து, சமமான இடமாகப் பார்த்து இறங்கி நின்றுவிடுங்கள். திரும்ப ஏறும்போது சைக்கிளைத் தூக்கி வைத்து ஏறுவதே நல்லது. ஓட்டித்தான் ஏற வேண்டுமென்றால் விளிம்பைக் குறுக்காகச் சந்திக்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி ஏற்றுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. கண்மாய் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் கலுங்கு வழியாக வருகிற தண்ணீர் தரைப்பாலங்களின்மேல் ஓடும். ஆழம் கணுக்கால் அளவுதான் இருக்கும், ஆனால் அடியில் பாசி. பிரேக் பிடித்தாலும் விழுவீர்கள், திருப்பினாலும் விழுவீர்கள். நடந்தே கடந்துவிடுங்கள். முழங்கால் அளவுக்கு வேகமாக ஓடினால் திரும்பிப் போய்விடுங்கள். அதே மாதங்களில் உழவு முடித்து வயலைவிட்டு ஏறுகிற டிராக்டர் சக்கரத்துச் சேறு சாலை வளைவுகளில் கிடக்கும், அதுவும் சோப்பு மாதிரி.

நேரம் பற்றிச் சுருக்கமாக. ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் முடியுங்கள். சித்திரை, வைகாசியில் எட்டரைக்குள். 750 மி.லி. பாட்டில் இரண்டு, மணிக்கு ஒரு பாட்டில் கணக்கு. ஊருணித் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கால் நனைக்கக்கூட உள்ளே இறங்காதீர்கள். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடக்கும் ஊர்களில் கடையும் குறைவு. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் குடித்து, பாட்டிலை நிரப்பிக்கொண்டு உள்ளே போங்கள். ஆத்தங்குடியில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட கல்) செய்யும் பட்டறைக்குள் போவதானால், பெடலில் மாட்டும் கட்டை அடியில் உள்ள கிளீட் ஷூவைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கல்லில் கிளீட் வழுக்கும், கல்லும் கீறும்.

வழி கேட்கும்போது கடைசியில் போய்ச் சேர வேண்டிய ஊரைச் சொல்லாதீர்கள், உடனே பெரிய ரோட்டைக் காட்டிவிடுவார்கள். அடுத்த ஊரின் பெயரைச் சொல்லி, "தார் ரோடு முழுக்கப் போகுதாண்ணே?" என்று கேளுங்கள். கைபேசி வரைபடம் கண்மாய்க் கரை வண்டித்தடத்தையும் சாலை என்றே காட்டும், மழைக்காலத்தில் அதில் செம்மண் சேறு டயருக்கும் பிரேக்குக்கும் நடுவே அப்பி, சக்கரமே சுற்றாது.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. தை 3 சிராவயல் மஞ்சுவிரட்டு, அன்று அந்தப் பக்கமே போகாதீர்கள். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர் வழியெங்கும் இருட்டிலேயே நடப்பார்கள். வெறுங்காலோடு நடப்பவர்கள் அவர்கள். விளக்கைத் தரையைப் பார்த்துத் தாழ்த்துங்கள், மணியடித்து விலகச் சொல்லாதீர்கள், நீங்கள் விலகுங்கள். பிள்ளையார்பட்டிச் சாலையில் சங்கடஹர சதுர்த்தி அன்றும் கார் கூட்டம் அதிகம்.

குழுவாக வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு பேருக்கு மேல் சேர்ந்து ஓட்டாதீர்கள். இருபது பேராக வந்தால் மூன்று நான்கு குழுவாகப் பிரிந்து, பத்து நிமிட இடைவெளியில் கிளம்புங்கள். ஒற்றைச் சாலையில் இருபது சைக்கிள் வரிசையாகப் போனால் பின்னால் வருகிற மினி பஸ் முந்தவே முடியாது. அந்த பஸ்ஸில் காரைக்குடிக்கு வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருப்பார்கள். மார்கழியில் ஊருக்குள் வாசல் கோலத்தின்மேல் ஏற்றாமல் தெரு நடுவிலேயே போங்கள்.

ஊராட்சிகளில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். சாலையோரச் சீமைக்கருவேலத்தை வெட்டும்போது, வெட்டிய கிளைகளை அள்ளிய கையோடு தார் மேல் உதிர்ந்த சிம்புகளையும் ஒருமுறை கூட்டச் சொல்லுங்கள். காய்ந்த சிம்பு பல வாரங்கள் சாலையிலேயே கிடக்கிறது. எங்களுக்குப் பஞ்சர், அவ்வளவுதான். அந்தச் சாலையில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு அன்றைக்கு முதல் பீரியட் போய்விடும்.