பக்கத்து மேசைக்காரர் சம்பளம் உங்களுக்குத் தெரியுமா?

சம்பளம் எவ்வளவு என்று யாரிடமும் கேட்கக் கூடாது, யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. இதை நாகரிகம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு விலை, கார் விலை, தாலிக்கு வாங்கிய தங்கத்தின் விலை எல்லாம் கல்யாண வீட்டில் தாராளமாகப் பேசுவோம். சம்பளம் என்றதும் வாய் மூடிக்கொள்ளும். ஒரே வேலை செய்யும் ஆணுக்கும் பெண்ணுக்கும் நம் மலேசியாவில் வேறு வேறு சம்பளம் போய்க்கொண்டிருப்பதற்கு இந்த மௌனம்தான் பெரிய துணை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். அந்த அனுபவத்தில் இதைச் சொல்கிறேன்.

பெண்ணுக்குக் குறைத்துக் கொடுங்கள் என்று எந்த முதலாளியும் எழுதி அனுப்புவதில்லை. அதற்கு அவசியமே கிடையாது. விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டம் இருக்கும்: கடைசியாக வாங்கிய சம்பளம். அந்தத் தொகையோடு 10, 15 விழுக்காடு கூட்டினால் ஆஃபர் லெட்டர் தயார். அந்த வேலைக்கென்று கம்பெனி ஒதுக்கிய தொகை அதைவிட அதிகமாக இருக்கலாம். வருகிறவருக்கு அது தெரியப் போவதில்லை. பிள்ளை பெற்று ஓரிரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, கிடைத்த சம்பளத்துக்குத் திரும்ப வேலைக்குச் சேர்ந்த பெண், அடுத்த கம்பெனிக்குப் போகும்போதும் அந்தக் குறைந்த தொகையைக் கூடவே சுமந்துகொண்டு போகிறாள். அதற்கடுத்த கம்பெனியிலும் இதே கதைதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே பதவியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்கிறார்கள். ஆணுக்கு 3,400 ரிங்கிட், பெண்ணுக்கு 3,000. வருடா வருடம் இருவருக்கும் சமமாக 5 விழுக்காடு ஏற்றுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 10 வருடம் கழித்து அந்த ஆண் கிட்டத்தட்ட 5,538 ரிங்கிட்டில் இருப்பார், அந்தப் பெண் 4,887-இல். 400 ஆக இருந்த வித்தியாசம் 651 ஆகிவிட்டது. நடுவில் யாரும் புதிதாக அநியாயம் செய்யவில்லை, முதல் நாள் வித்தியாசம் தானாக வளர்ந்தது. போனஸும் ஓவர்டைமும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஓய்வுகாலச் சேமிப்பான ஈபிஎஃப் பிடித்தமும் அப்படியே: 5,000 ரிங்கிட் வரை வாங்குகிறவருக்குத் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, முதலாளி பங்கு 13. ஆக, 400 ரிங்கிட் குறைவு என்றால் முதல் மாதத்திலிருந்தே ஈபிஎஃப்பில் 96 ரிங்கிட் குறைவு. வயதான காலத்தில் அந்தக் குறைந்த சேமிப்பை வைத்துக்கொண்டு, சராசரியாக ஆண்களைவிட அதிக வருடம் வாழப் போவதும் பெண்கள்தான்.

சம்பள உயர்வைத் தீர்மானிக்கும் கூட்டங்களில் கணக்குக் கொடுக்க நானும் உட்கார்ந்திருக்கிறேன். திறமை, தரமதிப்பீடு எல்லாம் பேசி முடித்த பிறகு ஒரு பேச்சு வரும். "அவருக்குக் குடும்பம் இருக்கு, கொஞ்சம் பார்த்துச் செய்யணும்." பெண்ணின் பெயர் வந்தால், "அவங்க வீட்டுக்காரர் நல்ல வேலையிலதானே இருக்காரு?" இப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, தீபாவளிக்கு எல்லாருக்கும் முறுக்கு கொண்டுவந்து கொடுப்பவர்கள்தான். ஆனால் அதே பிரிவில் கணவர் இறந்து, மூன்று பிள்ளைகளையும் மாமியாரையும் ஒற்றை ஆளாகக் காப்பாற்றும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் பெயர் வந்தபோது குடும்பம் என்ற சொல்லை அந்த அறையில் யாரும் எடுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. சரி, குடும்பத்தைப் பார்த்துத்தான் சம்பளம் என்றால் எல்லாருடைய குடும்பத்தையும் பாருங்கள். வேலையைப் பார்த்துத்தான் என்றால் வேலையை மட்டும் பாருங்கள்.

நம் சமூகத்துக்கு இது புதிதும் இல்லை. 1920களின் இறுதியில் இங்கே ரப்பர் தோட்டத்துத் தமிழர்களுக்கு அரசாங்கம் வகுத்த நிர்ணயக் கூலி, முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் வரிசைக்கு, நின்றது இருவரும்தான், பால்மரம் வெட்டியதும் இருவரும்தான். அந்த 10 காசு கண்ணுக்குத் தெரிந்த 10 காசு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லாருக்கும் தெரியும், சண்டை போடவும் ஓர் இலக்கம் இருந்தது. இன்று குளுகுளு அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பேத்திக்கு, பக்கத்து மேசைக்காரருக்கும் தனக்கும் இடையில் எத்தனை ரிங்கிட் வித்தியாசம் என்பதே தெரியாது.

அரசாங்க வேலையைப் பாருங்கள். பெண்களுக்கு அங்கேயும் ஒரு காலத்தில் குறைந்த சம்பளம்தான். ஆசிரியைகளும் மற்ற அரசாங்கப் பெண் ஊழியர்களும் சங்கங்கள் வழியாகத் தொடர்ந்து கேட்ட பிறகு, 1969-இல் சம வேலைக்குச் சம சம்பளம் என்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று ஒரே தரத்தில், ஒரே அனுபவத்தோடு இருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் ஆசிரியைக்கும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். சம்பள அட்டவணை ஊருக்கே தெரியும். அப்படித் தெரிவதால் பள்ளிக்கூடத்தில் யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை, சண்டையும் வரவில்லை. பதவி உயர்வில் பெண்களுக்கு உள்ள தடைகள் தனிக்கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.

தனியார் துறைக்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். அரசியலமைப்பின் 8ஆம் விதியில், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் ஒன்றாகப் பாலினமும் 2001-இல் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தனியார் முதலாளிக்கு எதிராகச் செல்லாது என்று பீட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் 2005-இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. கர்ப்பமானதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் அவர். அப்புறம் 2023 ஜனவரி 1 முதல் 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் 69எஃப் என்ற பிரிவு வந்திருக்கிறது. வேலையிடப் பாகுபாடு பற்றிய புகாரைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவு போடலாம். அந்த உத்தரவை மீறும் முதலாளிக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதம். நல்ல பிரிவு, வரவேற்கிறேன். ஆனால் பாகுபாடு என்றால் என்ன என்று அந்தச் சட்டம் எங்கும் விளக்கவில்லை. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொரு சிக்கல். புகார் கொடுக்கப் போகிறவள் முதலில் தனக்குக் குறைவு என்று தெரிந்துகொள்ள வேண்டுமே? சம்பள விவரம் இரகசியம், வெளியிட்டால் நடவடிக்கை என்று வேலை ஒப்பந்தத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். கதவைத் திறந்துவிட்டு, அந்தக் கதவுக்குப் போகும் பாதையை அடைத்து வைத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் லில்லி லெட்பெட்டருக்கு நடந்தது இதுதான். அலபாமாவில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 19 வருடம் வேலை பார்த்தவர், மேற்பார்வையாளர். யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த ஒரு துண்டுச் சீட்டுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பதவியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286, அதிகம் வாங்கியவருக்கு 5,236. வழக்குப் போட்டார். சம்பளத்தைக் குறைவாக நிர்ணயித்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்று சொல்லி 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படிப் புகார் செய்வது? 2009-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்து அந்த விதி மாறியது. அவருக்கு நிலுவைப் பணம் ஒரு காசுகூடக் கிடைக்கவில்லை.

பெண்கள் பாதியில் வேலையை விட்டுவிடுகிறார்கள், அனுபவம் குறைகிறது, அதனால் சம்பளமும் குறைகிறது என்று சில தம்பிகள் வாதாடுகிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2023-இல் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் கிளாடியா கோல்டின் இதைத்தான் ஆராய்ந்தார்: பணக்கார நாடுகளில் இன்று மிஞ்சியிருக்கும் இடைவெளியில் பெரும்பகுதி முதல் பிள்ளை பிறந்த பிறகு தொடங்குகிறது. நம் நாட்டிலும் பெண்கள் வேலைக்குப் போவது 20களின் பிற்பாதியில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே போகிறது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெண்களே அதிகம் படித்தும், உழைக்கும் வயதுப் பெண்களில் 100-க்கு 56 பேர் அளவில்தான் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். ஆண்களில் 83 பேர். பிள்ளை பராமரிப்பு மலிவாகக் கிடைத்தால் இது மாறும். ஆனால் தம்பி, ஒரே நாளில் ஒரே அனுபவத்தோடு சேர்ந்த இருவருக்குள் இருக்கும் 400 ரிங்கிட்டை இந்த வாதம் விளக்காது.

எனக்கு வேண்டியது இரண்டே சட்டத் திருத்தம். விண்ணப்பதாரரிடம் பழைய சம்பளம் கேட்பதைத் தடை செய்ய வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் சம்பளம் பேசிக்கொள்வதைத் தண்டிக்கும் ஒப்பந்த வரிகள் செல்லாது என்று ஆக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் போட்ட சம்பள வெளிப்படைத்தன்மை ஆணையில் இந்த இரண்டும் இருக்கின்றன. தன் போன்ற வேலையில் இருக்கும் ஆண், பெண் சராசரிச் சம்பளம் என்ன என்று ஊழியர் கேட்டால் முதலாளி சொல்லியே ஆக வேண்டும் என்பதும் இருக்கிறது. அங்கே முடிகிறது என்றால் இங்கேயும் முடியும்.

அதுவரை, நேர்முகத் தேர்வுக்குப் போகும் தங்கைகளே, பழைய சம்பளம் கேட்டால் உடனே இலக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள். "இந்த வேலைக்கு எவ்வளவு முதல் எவ்வளவு வரை ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று பணிவாகத் திருப்பிக் கேளுங்கள். பலர் சொல்லிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். போவதற்கு முன், அதே வேலையில் இருக்கும் ஓர் ஆணிடமும் ஒரு பெண்ணிடமும் விசாரித்துவிட்டுப் போங்கள். பினாங்கு, பட்டர்வொர்த், பிறை வட்டாரத்தில் கணக்கு, கொள்முதல், மனிதவளப் பிரிவு வேலைகளுக்கு இப்போது என்ன போகிறது என்று தெரிய வேண்டுமானால் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அண்ணன்மார்களே, தம்பிகளே, உங்களிடம் ஒன்று: கூட வேலை செய்யும் பெண் வந்து கேட்டால், உங்கள் சம்பளம் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள்.