கும்ஜுங்குக்கு நடந்துதான் போகணும்

நேபாளத்தில் எவரெஸ்ட் பக்கம் இருக்கும் கும்ஜுங் என்ற ஷெர்ப்பா கிராமத்துக்குப் போய் ஒருத்தர் போட்ட வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அவருக்கு இன்னும் நாலு வியூஸ் சேர்வதுதான் மிச்சம். காலையில் காத்மாண்டுவில் ஹெலிகாப்டர் ஏறி, பக்கத்துச் சியாங்போச்சே இறங்குதளத்தில் இறங்கி, கும்ஜுங்கில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஷெர்ப்பா கிராமம்னா இவ்வளவுதாங்க. பச்சைக் கூரை, உருளைக்கிழங்கு, குளிர். இதுக்குப் போய் நாள்கணக்கா நடக்கிறானுங்க பாருங்க" என்று சிரித்தாரே, அதைத்தான் சொல்கிறேன். அப்படி நடந்த லூசுகளில் நானும் ஒருத்தன்.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. தம்ப்நெயிலுக்காக மணிக்கல் சுவர் மேல் ஷூ காலை வைத்துக்கொண்டு நின்றாரே, அதுதான் தாங்கவில்லை. 'ஓம் மணி பத்மே ஹூம்' செதுக்கிய கற்கள் அவை. நாம் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரியே அவர்களும் அந்தச் சுவரை வலது கைப்பக்கம் விட்டுத்தான் கடப்பார்கள். இதற்குப் புத்தகம் எதுவும் படிக்க வேண்டியதில்லை. கீழே விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து நடந்து வந்தால் வழிநெடுக மணிக்கற்கள்தான். முன்னால் மூட்டை சுமந்து போகிறவர் முதுகு நோவோடு சுற்றிக்கொண்டு இடப்பக்கமாகப் போவதைப் பார்த்தால் நம் காலும் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். அந்த ஊரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அந்த வழிதான் கற்றுக்கொடுக்கிறது. வழியை விட்டுவிட்டு ஊரை மட்டும் பார்க்கிறேன் என்றால் பச்சைக் கூரைதான் தெரியும்.

டீ விலையைப் பார்த்துக் "கொள்ளையடிக்கிறாங்க" என்றார். நடந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். கேஸ் சிலிண்டர், பிளைவுட், நூடுல்ஸ் பெட்டி என்று எவ்வளவோ சரக்கு தூத்கோசி ஆற்றங்கரை வழியாக யாக் கலப்பு மாடுகளின் முதுகிலும் மனிதர்களின் நெற்றிப்பட்டையிலும் ஏறுகிறது. சுமையை இறக்கி வைக்கவும் நேரமில்லாமல், டி எழுத்து போன்ற கட்டையைப் பின்னால் முட்டுக்கொடுத்து நின்றபடியே மூச்சு வாங்குகிறவர்களை வழியில் இருக்கும் நாம்சே ஊருக்கு ஏறும் ஏற்றத்தில் பார்த்த பிறகு யாருக்காவது டீக்குப் பேரம் பேச வாய் வருமா?

"காத்தே இல்ல, தலை வெடிக்குது, சீக்கிரம் கிளம்பிட்டோம்" என்பதும் அதே வீடியோதான். காத்மாண்டு 1,400 மீட்டர், கும்ஜுங் 3,790 மீட்டர். ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு போய் வைத்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்? நடக்கிறவர்கள் 3,440 மீட்டரில் இருக்கும் நாம்சேயில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி உடம்பைப் பழக்குகிறார்கள். தலைவலிக்கும் ஊர் மேல்தான் பழியா?

நான் போனபோது ஒரு பாட்டி வீட்டில் சாப்பிட்டேன். கீழ்த்தளம் மாட்டுக்கும் வைக்கோலுக்கும். இருட்டில் ஏணி ஏறினால் மேலே நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் ஜன்னலும் பெஞ்சும், எதிரே அலமாரி நிறையச் செம்புப் பாத்திரங்கள். பாட்டி பச்சை உருளைக்கிழங்கைத் தகரத் துருவியில் துருவி, மாவு கலந்து, கல்லில் தடிமனாக ஊற்றினார். ரிக்கிகுர். ஓரம் மொறுமொறு, நடுவில் கொழகொழ, மேலே வெண்ணெய், பக்கத்தில் காரமாக மிளகாய் விழுது. எங்கிருந்து நடக்கிறாய் என்று பேரனை விட்டுக் கேட்டார். லுக்லா என்றேன். அவ்வளவுதானா என்று சிரித்தார். 1964-இல் லுக்லாவில் விமானத்தளம் வருவதற்கு முன்னால் நாள்கணக்கில் நடந்து கீழே போய் வந்த தலைமுறை அவர். அந்த அடுப்படியில் உட்கார எனக்கு இடம் கிடைத்ததே நான் புழுதியோடும் பசியோடும் போய் நின்றதால்தான். கோப்ரோ கேமராவை நீட்டிக்கொண்டு போயிருந்தால் வாசலோடு சரி.

உடனே வருவீர்கள், தெரியும். மூட்டு வலிக்காரர்கள், வயதானவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களை யார் சொன்னது? என் அம்மாவுக்கும் மூட்டு வலிதான். தாராளமாகப் பறக்கட்டும், நடக்கிறவனை லூசு என்று சொல்லாத வரை.

லீவு இல்லையாம். கோவாவுக்கும் பாலிக்கும் மட்டும் லீவு எங்கிருந்து முளைக்கிறது?

நீயும் லுக்லாவுக்கு விமானத்தில்தானே போனாய்? ஆமா, போனேன். லுக்லா வேறு, கும்ஜுங் வேறு. இதற்கு மேல் விளக்க முடியாது.

ஹெலிகாப்டரால் ஊர்க்காரர்களுக்கு வருமானம் என்றார் ஒரு பொருளாதார மேதை. 2025 ஜனவரியில், கும்ஜுங் இருக்கிற கும்பு பகுதி இளைஞர்களே இறங்குதளங்களில் கொடி நட்டு, அவசரத் தேவைக்குத் தவிர ஹெலிகாப்டர் இறங்கக் கூடாது என்று மறித்தார்களே, அவர்களுக்கு வருமானம் கசந்ததா? நடக்கிறவன் வழியில் பாக்திங்கில் தூங்குவான், மோன்ஜோவில் டீ குடிப்பான், நாம்சேயில் சாக்ஸ் வாங்குவான். பறக்கிறவன் தூசியைக் கிளப்புவான்.

எல்லாவற்றுக்கும் மேல், வீடியோவுக்குக் கீழே அந்தப் 'பாவம், எளிய மக்கள்' கமெண்டுகள். எதுங்க பாவம்? கும்ஜுங்கில் 1961-லேயே எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி கட்டிய பள்ளிக்கூடம் வந்தது, பக்கத்துக் குந்தேயில் 1966-இல் ஆஸ்பத்திரி. எவரெஸ்டில் முப்பது தடவைக்கு மேல் ஏறிய காமி ரீட்டா பிறந்த தாமே கிராமம் அங்கிருந்து ஒரு நாள் நடைதான். 2024 ஆகஸ்டில் மேலே பனி ஏரி உடைந்து அதே தாமேயில் வீடுகளையும் பள்ளிக்கூடத்தையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அன்றைக்கு இந்தப் பரிதாபப் பார்ட்டிகள் ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. ரீல்ஸில் மட்டும் பாவமாம்.

இதையெல்லாம் அந்த வீடியோவின் கமெண்டிலேயே பொறுமையாக எழுதினேன். "பொறாமை ப்ரோ" என்று ஒரே வரியில் பதில் வந்தது. அதற்கு ஹாஹா போட்டவர்களில் என்னோடு மலைக்கு வந்து, மூச்சு வாங்கி, என் பையிலிருந்த தண்ணீரைக் குடித்தவரும் இருக்கிறார். நல்லா இருங்க சார்.

அப்புறம், ஹெலிகாப்டர் புக்கிங் நம்பர் கேட்டு எனக்கே இன்பாக்ஸ் செய்த நண்பருக்கு: என்னிடம் இல்லை. நடக்கிற வழி வேண்டுமானால் கேளுங்கள், எந்த இடத்தில் ரிக்கிகுர் நன்றாக இருக்கும் என்பதோடு சேர்த்துச் சொல்கிறேன்.