'விவேகமாக'வும் 'சாமர்த்தியமாக'வும் ஒன்றல்ல

உங்கள் கட்டுரையில் 'விவேகமாக' என்ற சொல்லுக்கு 'புத்திசாலித்தனமாக, சாமர்த்தியமாக' என்று பொருள் கொடுத்திருக்கிறீர்கள். முதலாவது சரி, ஓரளவுக்கு. இரண்டாவதை என்னால் ஏற்க முடியவில்லை. திருடன் சாமர்த்தியமாகத் தப்பினான் என்று எழுதுகிறோம், விவேகமாகத் தப்பினான் என்று யாராவது எழுதுவார்களா? சாமர்த்தியத்துக்கு நல்லது கெட்டது கிடையாது, காரியம் நடந்தால் போதும். விவேகம் என்றால் எது சரி, எது தவறு என்று பிரித்துப் பார்ப்பது.

அப்புறம் 'சமயோசிதமாக'வை விட்டுவிட்டீர்களே! 2009 ஜனவரியில் பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி 155 பேரும் பிழைக்க வழிசெய்த விமானி சல்லன்பெர்கர் நடந்துகொண்டது சமயோசிதமாக. ஆனால் 1983 செப்டம்பரில் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகக் கணினி எச்சரித்தபோது, உண்மையான தாக்குதல் என்றால் வெறும் ஐந்தை மட்டுமா அனுப்புவார்கள் என்று யோசித்து, அது பொய் எச்சரிக்கை என்று மேலிடத்துக்குச் சொன்ன சோவியத் அதிகாரி பெத்ரோவ் இருக்கிறாரே, அவருக்குத்தான் 'விவேகமாக' முழுசாகப் பொருந்தும். அவருக்கும் நேரம் குறைவுதான், ஆனாலும் அந்தப் பதற்றத்தில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்த்தார்.

இன்னொன்று, 'அவர் விவேகமாக மறுத்தார்' என்ற உங்கள் உதாரணம் மறுத்த விதத்தைத்தான் சொல்கிறது. மறுத்ததே நல்ல முடிவு என்று சொல்ல வந்திருந்தால் 'அவர் மறுத்தது விவேகம்' என்று எழுதுங்கள்.