எஞ்சினைக் குளிர வைக்கிறேன் என்று கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கு

பைக் எஞ்சினில் கவரும் கிட்டும் மாட்டிச் சூட்டை இறக்கிவிட்டோம் என்று காட்டிய அந்த ரீல்ஸைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாதிப் பேர் அதை எனக்கே ஃபார்வர்ட் செய்து "அண்ணா, உங்களத்தான் சொல்றாங்க போல" என்று சிரிப்பு பொம்மை போட்டு அனுப்பிய பிறகும் சும்மா இருந்தால் தூக்கம் வராது. நான் கமென்ட்டில் என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது, அப்புறம் என் கமென்ட் எப்படிக் காணாமல் போனது எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக ஊர் சுற்றி முடித்துவிட்டது. அதை மறுபடி விளக்கப் போவதில்லை. "லேத்து பட்டறை அங்கிள்" என்று பட்டப்பெயர் வரைக்கும் வைத்தாகிவிட்டது. ரொம்ப நன்றிங்க.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஃபின் (காற்று பட்டுச் சூடு இறங்குவதற்கான மெல்லிய தகட்டு வரிசை) வைத்த கவர், ஆயிலை வெளியே எடுத்துக் காற்றில் ஆற வைக்கிற ஆயில் கூலர் கிட் எல்லாம் மாட்டினோம், எஞ்சின் சூடு அப்படியே இறங்கிவிட்டது என்று டெம்பரேச்சர் கன்னை நீட்டிக் காட்டினீர்களே, அதை எந்த இடத்தில் நீட்டினீர்கள்?

நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் தெரியும். முதலில் கன் நிற்பது கறுப்பு பெயின்ட் அடித்த சிலிண்டர் மேல். மாட்டிய பிறகு நிற்பது பாலீஷ் போட்ட புது அலுமினிய கவர் மேல். இரண்டும் ஒரே சூட்டில் இருந்தாலும் அந்தக் கன் ஒரே எண்ணைக் காட்டாது. அது தொட்டுப் பார்த்துச் சொல்கிற கருவி இல்லை. பொருளின் மேற்பரப்பிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக் கணக்குப் போட்டுச் சொல்கிற கருவி. கறுப்பு பெயின்ட் கதிரை நன்றாக வெளியே விடும். பாலீஷ் போட்ட உலோகம் அதில் பத்தில் ஒரு பங்கு விட்டால் பெரிது. அதனால் எண் குறைகிறது, எஞ்சின் சூடு குறையவில்லை.

நம்பாதவர்கள் டீக்கடைக்குப் போங்கள். எங்கள் பட்டறைக்கு எதிரே இருக்கும் கடையில் பித்தளை பாய்லர், கடைக்காரர் புளி போட்டுத் தேய்த்து முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பார். உள்ளே தண்ணீர் கொதித்து ஆவி வந்துகொண்டிருக்கும்போது அதன் வயிற்றில் கன்னை நீட்டினேன். நாற்பதைத் தாண்டவில்லை. அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, கொஞ்சம் பொறுத்து, டேப்பின் மேல் நீட்டினேன். தொண்ணூறு சொச்சம். "ஏனுங்க, என்ர பாய்லருக்குக் காய்ச்சலுங்களா?" என்றார் கடைக்காரர். நீங்களும் ஒரு துண்டு டேப் ஒட்டிக் காட்டுங்கள் தம்பி என்றுதான் எழுதினேன். அதற்குத்தான் பொறாமை, பட்ஜெட் பார்ட்டி, அங்கிள் என்று பதில்.

சரி. விஷயம் இதுதான், மறுபடியும் சொல்கிறேன். கடையில் "கூலிங்" என்று பெயர் போட்டு விற்கிற சாமானில் பெரும்பாலானது எஞ்சினைக் குளிர வைப்பதில்லை. மீதி கொஞ்சம் குளிர வைக்கும், ஆனால் உங்களுக்குத் தேவையில்லாத நேரத்தில் வைக்கும்.

காற்றில் குளிர்கிற எஞ்சினில் சிலிண்டர் ஹெட், அதாவது பெட்ரோல் எரிகிற இடத்தின் மேல் மூடி, 150 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதைத் தாங்குகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். ஆயிலும் நூறை ஒட்டி ஓடினால்தான் உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகி வெளியே போகும். இல்லையென்றால் ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி ஒன்று படியும், ஊட்டிப் பக்கம் குளிரில் கொஞ்ச தூரமே ஓட்டி நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும். "நம்மூரு வெயிலுக்கு எஞ்சின் தாங்குமாண்ணா" என்று கேட்கிறார்கள். வெயிலுக்குப் பேர்போன கரூர் பரமத்தியிலேயே ஓட்டுங்கள், என்ன ஆகும்? ஹெட் 150இல் இருக்கும்போது வெளிக்காற்று 30இல் இருந்து 40 ஆனால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 120இல் இருந்து 110 ஆகிறது. பன்னிரண்டில் ஒரு பங்கு போகிறது, அவ்வளவுதான். பெரிய அடி வெயிலால் இல்லை, காற்று நின்றுபோவதால். கோவை காந்திபுரத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டு ஊர்கிறீர்களே, அங்கேதான் சூடு ஏறுகிறது. அங்கே உங்கள் ஆயில் கூலருக்கு எங்கிருந்து காற்று வரும்? அதுவும் உங்களோடு சேர்ந்து பஸ் புகையில்தான் நிற்கிறது. செங்கப்பள்ளி தாண்டி பைபாஸில் நூறில் போகும்போது நன்றாக வேலை செய்யும், ஒத்துக்கொள்கிறேன். அங்கே ஃபின்னே போதும்.

"அப்போ கம்பெனிக்காரன் எதுக்கு ஆயில் கூலர் வெக்கிறான், அவனுக்கென்ன புத்தியில்லையா" என்று வருவீர்கள், தெரியும். ஹிமாலயன் 411இல் இருந்தது, பல்சர் 220இல் இருந்தது, அப்பாச்சி 200இல் இருக்கிறது. வைத்தவர்கள் ஆயில் பம்ப் எவ்வளவு தள்ளும், ஹெட்டுக்கு எவ்வளவு போக வேண்டும், எந்த வழியில் எடுத்து எந்த வழியில் திருப்ப வேண்டும் என்று வரைந்த பிறகு வைத்தார்கள். நீங்கள் பார்சலில் வந்த ஹோஸை, இருக்கிற போல்ட்டைக் கழற்றி, அங்கே நடுவில் ஆயில் போகத் துளை உள்ள பேஞ்சோ போல்ட் ஒன்றைப் போட்டு மாட்டுகிறீர்கள். வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட்டுக்குப் போக வேண்டிய ஆயில் ஐடிலிங்கில் இப்போது எவ்வளவு போகிறது என்று யாராவது கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? ஒருத்தர்கூட இல்லை. கன் மட்டும் எல்லார் கையிலும் இருக்கிறது.

ஃபின் கவர் விஷயம் எனக்கு இன்னும் நெருக்கமானது. கணபதியில் பட்டறை வைத்திருக்கிறவனிடம் இந்த மாதிரி வேலை வராமல் இருக்காது. ஒரு தம்பி அலுமினிய ராடு கொண்டுவந்து, ஆயில் ஃபில்டர் கவர் மாதிரி வளையம் வளையமாக ஃபின் வைத்துக் கடைந்து தரச் சொன்னான். பார்க்க அழகாக இருக்கும், சூடு குறையாது, சம்மதமா என்று கேட்டுவிட்டுத்தான் லேத்துச் சக்கில் மாட்டினேன். சம்மதம் என்றான், அழகாகவே வந்தது. சூடு உற்பத்தியாகிற இடம் ஹெட். எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி. கிளட்ச் பக்க மூடியில் ஃபின் வைத்து என்ன செய்ய? சிலிண்டர் ஃபின் மேலேயே கிளிப் மாதிரி மாட்டுகிற சாமானும் விற்கிறார்கள். இரண்டு உலோகத்துக்கு நடுவே காகிதத் தடிமனுக்குக் காற்று நின்றால் சூடு தடுமாறிவிடும். அதற்கும் மேல், ஃபின் இடுக்கில் காற்று போகிற வழியையும் அது அடைத்துக்கொள்கிறது.

இரும்புத் தகட்டில் பேரை லேசர் கட்டிங் செய்து தண்ணீரில் குளிர்கிற வண்டியின் ரேடியேட்டர் முன்னால் மாட்டுகிற கார்டு பற்றி என்ன சொல்ல. கல் அடிக்காது என்பது சரி. காற்றும் அடிக்காது. அதை மாட்டிவிட்டு, அதன் முன்னால் ஃபாக் லைட், அதன் முன்னால் கிராஷ் கார்டில் தண்ணீர் கேன், அப்புறம் "ஃபேன் ஓடிக்கிட்டே இருக்குதுங்ணா" என்றால் பாவம் அது வேறென்ன செய்யும்? பல்லடம், சோமனூர் பக்கம் மில்லில் நிறுத்துகிற வண்டிகளின் ரேடியேட்டரில் பஞ்சு மெத்தை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தண்ணீர் விட்டு மெதுவாகக் கழுவிவிட்டால் பாதிப் பேருக்குப் பிரச்சினை முடிந்தது. அதை யாரும் ரீல்ஸ் போட மாட்டார்கள், அதில் டிஸ்கவுன்ட் கோடு இல்லை.

"ரேஸ்ல எல்லாம் போடறாங்களே" என்பார்கள் இன்னொரு பக்கம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓடுகிற வண்டி முழு வேகத்தில் ஓடும், காற்று எப்போதும் உண்டு, அடிக்கடி எஞ்சினைப் பிரித்துவிடுவார்கள். ரேஸ் வண்டிகளில் பல இடங்களில் கூலன்ட் விடாமல் வெறும் தண்ணீர் ஊற்றச் சொல்வது குளிர்ச்சிக்காக மட்டும் இல்லை. கூலன்ட் டிராக்கில் கொட்டினால் வழுக்கும், பின்னால் வருகிறவன் விழுவான். இதைப் பாதி கேட்டுவிட்டு ஒருத்தர் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி வைத்திருந்தார். நம்மூர் போர் தண்ணீர் ஹீட்டர் காயிலை என்ன பண்ணும் என்று வீட்டில் பார்த்ததில்லையா? அதே வெள்ளை உப்புப் பொருக்கு ரேடியேட்டரின் சின்னக் குழாய்க்குள்ளும் படியும். சிறுவாணித் தண்ணீரே என்றாலும் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள், வண்டிக்குக் கம்பெனி சொன்ன கூலன்ட் போதும்.

கால் சுடுகிறது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சுடும். பிஎஸ் 6 புகை விதி வந்ததிலிருந்து, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, அது சூடானால்தான் வேலையே செய்யும். ஃபேன் ஊதும்போது தொடையில் அனல் அடிக்கிறது என்றால் ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். கால் சுடுவதும் எஞ்சின் கெடுவதும் வேறு வேறு. ஜீன்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆயில் மாற்றினேன், பத்து டிகிரி குறைந்தது என்பவர்களோடு பேச எனக்கு நேரம் இல்லை. சிந்தெட்டிக் ஆயில் சூட்டைத் தாங்கும், சீக்கிரம் கெடாது, நல்லது. மேனுவலில் போட்ட கிரேடும் டப்பாவில் பைக் கிளட்ச்சுக்கு ஏற்ற ஆயில் என்கிற ஜாசோ எம்ஏ2 முத்திரையும் இருந்தால் போதும். கார் ஆயிலை ஊற்றிவிட்டு கிளட்ச் வழுக்கிக்கொண்டு என்னிடம் வராதீர்கள். இரிடியம் ஸ்பார்க் பிளக்கால் எஞ்சின் குளிரும் என்று சொன்னவருக்குப் பதிலே கிடையாது.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்கலாம். என் அக்கா பையன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருக்கிறான். சீட்டு எடுத்த பணத்தில் இந்தக் கிட்டைத்தான் வாங்கி மாட்டினான், ரீல்ஸ் பார்த்து. என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் திட்டுவேன் என்று. திம்பம் மலை ஏறிவிட்டு வந்தவன் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, "மாமா, பின்னாடி வீல் ஒரு மாதிரி இழுக்குதுங்க" என்றான். டயரில் கையை வைத்தேன், விரல் வழுக்கியது. கூலர் ஹோஸ் ஜாயின்ட்டில் காப்பர் வாஷர் ஏற்கெனவே நசுங்கினது, அதையே திருப்பிப் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். சொட்டுச் சொட்டாகக் கசிந்து, காற்றில் பின்னால் பறந்து, டயரின் வலது ஓரம் முழுக்க ஆயில். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு அந்த மலையில். "மாப்ள, எந்த வளைவுல தெரிஞ்சுது?" என்று கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டான். விற்றவரிடம் கேட்டால் மாட்டினவர் பொறுப்பு, மாட்டினவரிடம் கேட்டால் சாமான் பொறுப்பு. அக்காவுக்கு இன்று வரைக்கும் இது தெரியாது, யாரும் போய்ச் சொல்லித் தொலைக்காதீர்கள்.

இதை எழுதினால் "எல்லா கிட்டும் அப்படியில்லை, உங்க ஒரு கதையை வெச்சு எல்லாத்தையும் தப்பு சொல்றீங்க" என்று வரும். எல்லாக் கிட்டும் கசியும் என்று நான் எங்கே சொன்னேன்? நல்ல கிட்டும் உண்டு, நன்றாக மாட்டுகிறவர்களும் உண்டு. கசியாத கிட்டும் காந்திபுரம் சிக்னலில் ஒன்றும் செய்யாது என்றுதான் சொல்கிறேன், எத்தனை தடவை சொல்ல!

அந்தப் பட்டப்பெயரையும் விடுவதற்கில்லை. கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடு என்கிற மனுஷர், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் வைத்திருந்த ரட்ஜ் பைக்கைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அக்கு அக்காகக் கழற்றி, எது எதற்கு என்று பார்த்து, திரும்ப மாட்டினார். இந்த ஊரில் மோட்டாரும் பம்ப்செட்டும் கிரைண்டரும் உருவானது அப்படிக் கழற்றிப் பார்த்த கைகளால், லேத்துப் பட்டறைகளில். இப்போது அவிநாசி ரோட்டில் அவர் பெயரில் 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்டியிருக்கிறார்கள். அதில் நின்றுகொண்டு எடுத்த ரீல்ஸில்தான் லேத்து பட்டறை என்பது கிண்டலாகப் போய்விட்டது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனிடம் டேப்பெட், அதாவது வால்வுக்கு மேல் விடுகிற இடைவெளி, செட் பண்ணிக்கொள்ள யாரும் வருவதில்லை. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை இறக்குவது மூடிக்கொண்டு வால்வு சீட்டில் உட்காருகிற நேரத்தில்தான், டேப்பெட் டைட்டாக இருந்தால் அது முழுசாக உட்காராது, உட்காராவிட்டால் எரியும். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு அரை மணியில் செய்து தருவார், கேட்பது ஒரு பிரியாணிக் காசு. அவரிடம் பேரம் பேசுகிற அதே ஆள், ஊர் பேர் தெரியாத கிட்டுக்கு அட்வான்ஸ் முழுசாகக் கட்டிவிட்டு டிராக்கிங் நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர் ஒரு நாளும் இதைப் பற்றிப் பேசியதில்லை, "விடுங்க, பசங்க ஆசப்படறாங்க" என்பார். நான்தான் பேசி பேர் வாங்கிக்கொண்டேன்.

கீழே கமென்ட்டில் வந்து லிங்க் போடப் போகிறவர்கள், உங்கள் வண்டிக்குக் கடைசியாக டேப்பெட் எப்போது பார்த்தீர்கள் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அப்புறம் போடுங்கள். எழுதாத கமென்ட்டை நானும் நீக்குவேன், எனக்கும் அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும்.