அணை தெரியலன்னு பாலத்த திட்டாதீங்க

அந்த வீடியோவப் பத்திதான் சொல்றேன், நேத்துலேர்ந்து எல்லார் டைம்லைன்லயும் ஓடுதே. அமெரிக்காவுல ஹூவர் அணைப் பக்கத்துல இருக்குற ஓகாலகன்-டில்மன் பாலத்துல ஒருத்தரு கார்ல போயிட்டே "சுவர வச்சு மறைச்சிட்டானுங்க, அணையே தெரியல, வேஸ்ட்டு"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு சிரிப்பு வரல.

அது வேடிக்கை பாக்க கட்டுனது இல்லங்க, ரோடு. முன்னாடி யுஎஸ் 93 நெடுஞ்சாலை அந்த அணை மேலயேதான் போச்சு, ரெண்டே லேன், ரெண்டு பக்கமும் கொண்டை ஊசி வளைவு, நடுவுல டூரிஸ்ட் கூட்டம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் சரக்கு லாரிய அணை மேல விடவே இல்ல, அவங்க எங்கெங்கயோ சுத்திக்கிட்டுப் போனாங்க. 2010 அக்டோபர்ல இந்தப் பாலம் திறந்துதான் அதுக்கு முடிவு வந்துச்சு. கொலராடோ ஆத்துக்கு மேல கிட்டத்தட்ட 270 மீட்டர் உயரத்துல வண்டி ஓட்டுறவன் அணைய எட்டிப் பாத்துட்டே ஓட்டணுமா?

எங்கப்பா சென்ட்ரிங் வேலை பாத்தவரு. அவர அங்க கூட்டிட்டுப் போனப்ப அணை மேல நின்னுகிட்டு அணையப் பாக்காம பாலத்தையே பாத்துட்டு இருந்தாரு. "கீழ முட்டு குடுக்க இடமே இல்லையேடா, கான்கிரீட்ட எப்படி நிறுத்துனான்?"னு திரும்பத் திரும்ப கேட்டாரு. அதாங்க கேள்வி! 323 மீட்டர் வளைவு, ஆத்துக்குள்ள ஒரு தூண் கிடையாது. ரெண்டு பக்கத்துப் பாறைலேர்ந்தும் துண்டு துண்டா வார்த்து, மேலேர்ந்து கேபிள்ல இழுத்துப் புடிச்சு, 2009ல நடுவுல சேத்தாங்க. அதுக்கு முன்னாடி 2006ல சாமான் தூக்குற கேபிள் டவருங்க காத்துல சாஞ்சு வேலை ரொம்ப நாள் தள்ளிப் போச்சு. 2008ல ஒரு தொழிலாளி உயிரே போச்சு. இத வேஸ்ட்டுன்னு சொல்ல எப்படிங்க வாய் வருது?

"டூரிஸ்ட்டுக்கும் கொஞ்சம் வழி விட்டிருக்கலாமே"ன்னு கேப்பீங்க. விட்டிருக்காங்க. அணையப் பாத்த பக்கம் தனியா நடைபாதை இருக்கு, வண்டிய நிறுத்திட்டு ஏறுனா மொத்த அணையும் தெரியும். கார விட்டு இறங்க மனசில்லாதவருக்கு என்ன பண்றது.

"அமெரிக்காக்காரன் பாலத்துக்கு உனக்கென்ன வலி"ன்னு ஒருத்தர் கேட்டாச்சு. கம்பி கட்டி, பலகை அடிச்சு, வெயில்ல நின்னு கான்கிரீட் போடுறவன் எந்த ஊர்லயும் எங்கப்பா மாதிரிதாங்க. அவன் வேலைய ஒரே வார்த்தைல தள்ளிட்டுப் போறதுதான் வலிக்குது, வேற ஒண்ணுமில்ல.

இத அவரு பதிவுக்குக் கீழயே மரியாதையா எழுதுனேன், நடைபாதை இருக்குன்னும் சொன்னேன். கமெண்ட்ட தூக்கிட்டாரு. அதனாலதான் இங்க போடுறேன்.